ஜாப் ஒர்க்குக்குப் போன எலுமிச்சை ஸ்கோன்

…கல்லுங்கறேன், கல்லு! எலுமிச்சம்பழம் போட்ட கல்லு! நாலு நாளைக்கு முன்னால, லண்டன்லருந்து வந்த பொம்பளை, எங்கூட்டு ஸ்கோன ஒரு கடி கடிச்சுப்போட்டுக் கன்னத்தப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறா… எங்க ஊட்டுக்காரரு என்னையப் பாக்கறாரு… நான் செவுத்தப் பாக்கறேன்.

நீ உக்காரு அம்மிணி. அட, சோபாவுல இல்ல… அதுக்குப் போன வாரந்தான் உறை மாத்துனது. கீழயே உக்காரு, டைல்ஸு குளுகுளுன்னு இருக்கும். ராமுத்தாயின்னுதானே பேரு? வாட்ச்மேன் நல்லான் வந்து சொன்னான், சமையலுக்கு ஆளு கேட்டீங்களே, ஒரு தெக்கத்திப் பொண்ணு கேட்டுல நிக்குதுங்கன்னு. நல்ல நேரத்துல வந்த போ. இன்னிக்குச் சாயங்காலம் அந்தம்மா மறுபடி வருது.

எந்தம்மாவா? மார்கரெட்டம்மா! நம்ம பையரு. நம்ம கம்பெனி பனியனெல்லாம் அவங்க கடைக்குத்தான் போகுது. திருப்பூருக்கு வந்தா ஹோட்டல்ல தங்கும், ஆனா டீ மட்டும் எங்கூட்டுலதான். அந்த மேசைல நான் பட்டுச்சேலை கட்டி உக்காந்திருக்கறத நெனைச்சாலே என்ற ஓரகத்திக்கு வவுறு எரியும். அதா, எதுத்தாப்புல, பச்சைக் கேட்டு போட்ட ஊடு… சுகந்தி. கொழுந்தனாரு பொண்டாட்டி. கம்பெனில பாதிப் பங்கு அவங்குளுது. கோயமுத்தூர்ல காலேஜு படிச்சவளாமா… இங்கிலீசு பேசறப்ப மூக்கு ஒருபக்கம் வாயி ஒருபக்கம் போகும். இன்னிக்கும் டீ சொதப்புச்சுன்னா, இனிமே மார்கரெட்டம்மாளுக்கு டீ சுகந்தி ஊட்டுலன்னு எங்கூட்டுக்காரரே சொல்லிப்போட்டாரு! கட்டுன புருசன் சொல்ற பேச்சா அது?

அந்தம்மாளுக்கு ஸ்கோன்னா உசிரு. தெரியாதா? எனக்கு மட்டும் என்ன தெரியும்… பன்னும் இல்ல, பிஸ்கட்டும் இல்ல, நடுவுல ஒண்ணு. ஊட்டில படிக்கற என்ற மவதான் போன்ல சொன்னா. "அம்மா, ரொம்பச் சுலபம், ஒரே பாத்திரம், ஒரே ஆளு, கொஞ்ச நேரத்துல ஆயிரும்"ன்னா. அங்கதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. லண்டன் பலகாரம்… ஒரே ஆளு பண்றதுக்கு அதென்ன வெங்காய பஜ்ஜியா?

நீ முன்னால எந்த கம்பெனில இருந்த? ஓவர்லாக் மிஷினா? பனியனுக்குக் கை மூட்டறது மட்டுமா… கழுத்து? தெரியாது… பாத்தயா! இத்தனை வருசம் தைச்சும் உனக்குக் கழுத்து தெரியாது. அப்படித்தான் இருக்கோணும். எங்கூட்டுக்காரரு அடிக்கடி சொல்லுவாரு, முழுப் பனியனும் தெரிஞ்ச ஆள வெச்சிருந்தா, அவன் அடுத்த வருசமே எதுத்த சந்துல போர்டு மாட்டிப்போடுவான்னு. அதான் நூலு ஒரு பக்கம், சாயம் ஒரு பக்கம், கை ஒருத்தி, கழுத்து ஒருத்தி. முழுசும் தெரிஞ்சது மொதலாளி ஒருத்தருக்குத்தான். அவருக்கு ஒரு பொத்தான் கட்டத் தெரியாது… அது வேற.

சங்கத்துல கிங்கத்துல இல்லியே நீ? இல்லீன்னா சரி.

அதனால நானும் ஸ்கோன ஜாப் ஒர்க்குக்கு உட்டுட்டேன், வெளில ஆளுக்கொரு வேலையாப் பிரிச்சு. ஏன் முழிக்கற? மைதா ரெண்டு டம்ளரு, சக்கரை கொஞ்சம், ஒரு சிட்டிகை உப்பு, பேக்கிங் பவுடரு மூணு ஸ்பூனு… அதுல ஊத்துக்குளி வெண்ணெய, நல்லாக் குளுந்ததா, விரல் நுனில புட்டுமாவாட்ட உதுத்தோணும். அது பின் தெரு காளியாத்தாளுக்கு. எலுமிச்சத் தோலு துருவறது டிரைவருக்கு. மேலாப்புல மஞ்சள மட்டும் துருவோணும், வெள்ளை சேந்தா கசக்கும். அவன் அதுக்கு அரை நாளு காருக்குள்ள ஏசி போட்டு உக்காந்துட்டான். அப்புறம் பால்ல எலுமிச்சை புழிஞ்சு, திரிஞ்சாலும் பரவாயில்லைன்னு மாவுல ஊத்தி, பெசையாம சும்மா ஒண்ணு சேத்து எடுக்கோணும். அது பாத்தரங் கழுவறவளுக்கு. ஒருத்தருக்குச் சொன்னது இன்னொருத்தருக்குத் தெரியாது. என்ன பலகாரம்னே ஒருத்தருக்கும் சொல்லுல!

சுகந்தி வேலைக்காரிய உட்டுக் கேட்டுப் பாத்தா… "அக்கா என்னமோ பண்றாங்களாமா, எங்கம்மா பக்குவம் கேட்டாங்க"ன்னு. கேப்பா! சொல்லுவனா நானு?

வெட்டறதுக்குக் கம்பெனிக்கே அனுப்பிட்டேன். கட்டிங் மாஸ்டர் ஆத்தப்பன் மாதர வெட்ட திருப்பூர்ல ஆளே கெடையாது. ஆனா பாரு… அந்தாளு மாவத் துணியாட்டத் தேச்சு விரிச்சு, நடுவுல நடுவுல காகிதம் போட்டு, அடுக்கி, மேல பாரம் வெச்சு… "வட்டமா வெட்டுனா வேஸ்டேஜ் எச்சுங்கம்மா"ன்னு சதுரமா வெட்டிப்போட்டான்! அதுக்குள்ள சாப்பாட்டு நேரம் வேற. மாவு மேசை மேலயே கெடந்துச்சு. அப்புறம் பேக்கரிக்கு. அவன் ரஸ்க்கு வேகட்டும், அப்புறம் பாக்கறேன்னுட்டான்.

பேக்கரி எதுக்கா? எங்கூட்டுல ஓவன் அடுப்பு இல்லாமயா? அதா இருக்குதே, ஷோகேசுக்குப் பக்கத்துல. அட்டை கூடப் பிரிக்குல. பிரிச்சா அழுக்காயிருமல்ல!

வெந்து வந்ததச் செக்கிங்குக்கு அனுப்புனேன். அந்தப் புள்ளைக ஒவ்வொண்ணையும் திருப்பித் திருப்பிப் பாத்து, சூட்டோட பாலிதீன் கவர்ல போட்டு, பழக்கதோசத்துல எம் சைஸு ஸ்டிக்கரு ஒட்டி அனுப்பிருச்சுக. மார்கரெட்டம்மா கடிச்சது ஸ்டிக்கரோட சேத்து… சிரிக்காத அம்மிணி! நாக்குல ஒட்டுனத எடுத்துப் பாத்துட்டு, "வெரி இன்ட்ரஸ்டிங்"குன்னுச்சு. நாலு நாளா ஆர்டரப் பத்திப் பேச்சே இல்ல.

ஏன் பொங்குலன்னு மவளக் கேட்டா, அவ தலைல அடிச்சுக்கறா. எலுமிச்சை ஊத்துன ஒடனே அடுப்புல வெக்கோணுமாமா. ஒடனே! மாவு காத்திருந்தா பவுடரு செத்துப்போகுமாமா. "அதான் நான் மொதல்லயே சொன்னனேம்மா"ங்கறா. சொன்னாதான்… நான் இல்லீங்குல. ஆனா அந்த "ஒடனே"ங்கறத நான் யாரு பங்குல சேக்கறது? ஊத்தறவளுக்கும் சேராது, வேக வெக்கறவனுக்கும் சேராது. ரெண்டு பேத்துக்கும் நடுவுல கெடக்குற சமாச்சாரம் அது. அதனால… ஒருத்தருக்கும் சொல்லுல.

போச்சாது, உடு. இன்னிக்கு அப்படி ஆகாது. எல்லா வேலையும் இந்த ஊட்டுக்குள்ளயேதான், ஆனா ஆளு தனித்தனி. உனக்கு எலுமிச்சை புழியற வேலை. புழிஞ்சு வெச்சுட்டுக் கொல்லைப்பக்கம் போயிரோணும், அடுத்தவ என்ன பண்றான்னு எட்டிப் பாக்கக் கூடாது… என்னது? முழுசும் நீயே செஞ்சு தர்றயா? நல்லாருக்குது கதை! கை மூட்டறவ நீ! ஒரு பழம் புழியறதுக்கு வந்தவளுக்கு ஸ்கோனு பக்குவத்த எடுத்து நீட்டுவாங்களா?

ஏன் எந்திரிக்கற? உக்காரு. ஃபிரிட்ஜுல பழம் இருக்குதான்னு பாத்துட்டு வர்றேன்… இங்கிருந்தே பேசறேன், காதுல உழுகுதுல்ல? அடுப்ப முன்னாலயே நல்லாச் சூடு பண்ணி வெச்சுக்கோணுமாமா… ஒரு வெரக்கடை ஒசரத்துக்கு வெட்டி, மேல பாலு தடவி, செவந்தா எடுத்தரோணும்… கவர்ல போடக்கூடாது, துணி போட்டு மூடோணும்… அந்தம்மாளுக்குச் சூட்டோட குடுத்தாத்தான் புடிக்கும்… அம்மிணி? ஏன் பேச்சே காணோம்?

அம்மிணி!

வாட்ச்மேன்! டேய் நல்லா! எங்கடா அந்தப் பொண்ணு? ரோட்டத் தாண்டியா? பச்சைக் கேட்டுக்கா! அட, சுகந்தி வாசல்லயே நிக்கறாளே… தோள் மேல கை போட்டு உள்ள கூட்டிட்டுப் போறாளே…

மாவு சொன்னேன்… வெண்ணெய் சொன்னேன்… அந்த ஒடனேங்கறதையும் சொன்னேன்… அத்தனை பேர்த்துகிட்டயும் மறைச்சு வெச்சேன், என்ற வாய நான் எங்க கொண்டுபோய்க் கட்டறது…

நல்லா, இங்க வா. சாயங்காலம் மார்கரெட்டம்மா காரு வரும். எந்த ஊட்டு முன்னால நிக்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு. நான் கேக்குல… நீயா வந்து சொல்ற மாதர சொல்லு.