சிஸ்டர் வெச்ச புள்ளி

…இல்ல தம்பி, நீங்களே சொல்லுங்க. என் வீட்டுக்காரிய நான் கடைசியா உசிரோட பாத்தப்போ அவ ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்கா. நெஞ்சுவலி. காதுகிட்ட எதாவது சொல்லலாம்னு குனியப் போறேன்… "குனியாதீங்க, பை ஒட்டு விட்டுடும்"ங்கிறா! முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினவ புருஷன்கிட்ட சொல்ற கடைசி வார்த்தையா இது?

குனியல. சிப்பாய் மாதிரி நிமிந்தே நின்னேன். கதவச் சாத்திட்டாங்க. அவ்வளவுதான்.

எல்லாம் இந்த ரூமுக்குள்ள இருக்கிற சிஸ்டர் பண்ண வேல. ஆங், உங்களுக்கும் நாளைக்கு ஆபரேஷன், உங்களுக்கும் அவங்கதான். கேளுங்க. குடல் நுனிய வயித்து வழியா வெளிய கொண்டாந்து, அது மேல மலம் விழ ஒரு பை ஒட்டிடுவாங்க. அதுகூடப் பரவால்ல. அதுக்கு முன்னாடி ஒரு பேச்சு பேசுவாங்க பாருங்க! ஓரமா கசியலாம். தோல் வெந்து போகலாம். கனம் தூக்கினா பக்கத்துல புடைக்கலாம். அடைச்சுக்கலாம். வெளிய நீண்டுக்கலாம், உள்ள இழுத்துக்கலாம்… அது என்ன குடலா, ஆமைத் தலையா?

நானும் இப்படித்தான் சிரிச்சேன். என் வீட்டுக்காரி சிரிக்கல. பக்கத்துல உக்காந்து ஒண்ணு விடாம எழுதிக்கிட்டா. நான் ஜன்னல் வழியா யாரோ ஸ்கூட்டர ஒதைச்சு ஒதைச்சு ஸ்டார்ட் பண்றத வேடிக்க பாத்தேன். வர்றது வரட்டும்னு.

வந்துச்சு! நிக்கிறப்போ ஒழுங்கா இருக்கும் தம்பி. உக்காந்தா அந்தக் குடல் வாய் வயித்து மடிப்புக்குள்ள போயிடும், பசை பிடிக்காது, கசியும். சம்பந்தி வீட்ல… புது சோபா. வெள்ளக் கலரு வேற! நான் எந்திரிக்கவே இல்லயே. சாப்பாட்டையும் இங்கயே கொண்டாங்கன்னேன். மரியாத தெரியாத மனுஷன்னு அவரு இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. சொல்லட்டும், விஷயம் தெரியறதுக்கு அது தேவல.

எடம் தப்பு. அதான் எல்லாத்துக்கும் காரணம். ஆபரேஷனுக்கு முன்னாடி சிஸ்டர் பேனாவால வயித்துல ஒரு புள்ளி வெப்பாங்க, டாக்டர் அங்கதான் வெட்டுவாரு. நான் டெய்லர் தம்பி. நாப்பது வருஷம் அளவெடுத்தவன். அரை இன்ச் தப்பினா துணிய மூஞ்சில வீசிட்டுப் போவான். இவங்கள யாரு கேக்கிறது? நானும் பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டுத்தான்…

என்ன, கூப்பிட்டாங்களா? இருங்க, இருங்க. இப்ப எதுக்கு வயித்த உள்ள இழுத்தீங்க? இழுத்தீங்க, பாத்தேன். என்கிட்டயேவா? இடுப்புல டேப்ப வெச்சாலே எல்லா ஆம்பளையும் மூச்சப் பிடிப்பான். நான் ஒண்ணும் கேக்காம ரெண்டு இன்ச் சேத்துத்தான் வெட்டுவேன்.

சிஸ்டருக்கு அந்தச் சூட்சுமம் தெரியாதே. "லூசா விடுங்க சார், உக்காருங்க, குனிங்க"ன்னாங்க. மூணு தடவ சொன்னாங்க. அவங்க சின்னப் பொண்ணு, பக்கத்துல என் வீட்டுக்காரி வேற… தொப்பையக் காட்ட மனசு வரல. எக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, "விட்டுத் தொலைங்களேன்"னு கால மிதிச்சா. விடலயே! சிஸ்டர் சரியாத்தான் புள்ளி வெச்சாங்க. எனக்கு இல்லாத வயித்துல.

இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. போங்க, கூப்பிடுறாங்க. உள்ள போய் மானம் பாக்காம விட்டுடுங்க. தொங்குறது தொங்கட்டும். அவங்க சொல்றது ஒவ்வொண்ணையும் கேட்டுக்குங்க, புரியலன்னா திருப்பிக் கேளுங்க.

எனக்கா? எடம் மாத்த இன்னொரு ஆபரேஷன் வேணும்னாங்க, வேணாம்னுட்டேன். அவ இருந்தவரைக்கும் அவதான் ஒட்டிவிட்டா. இப்ப கண்ணாடி முன்னாடி நின்னு நானே ஒட்டிக்கிறேன்.