உறைந்த எண்ணெய்

தேங்காய் எண்ணெய் ஜூலைக் குளிரில் உறையும் என்பதை, ஒக்லாந்தில் இருபத்தெட்டு வருடம் இருந்தும் நான் யோசிக்காமல் விட்டேன். என்னுடைய பிழை என்று எழுதுவதானால் அது ஒன்றைத்தான் எழுத வேண்டும், சேர்.

என் மனைவி ரதிதேவிக்குப் புற்றுநோய் எலும்புக்குள் இறங்கியிருந்தது. மோர்பின் மட்டும் போதவில்லை. கஞ்சாவிலிருந்து எடுத்த எண்ணெயையும் நாக்கின் கீழ் விட்டுப் பார்க்கலாம், சிலருக்குக் கேட்கும் என்று டாக்டர் சட்டப்படி எழுதிக் கொடுத்தார். அவருக்கென்ன, அவர் எந்தத் தமிழ் மன்றத்துக்கும் தலைவரில்லை. நான் தலைவர். ஒன்பது வருடமாகப் போதை ஒழிப்பைப் பற்றிப் பேசி வருகிறேன். கேட்பவர்கள் கொத்துரொட்டிக்காகக் காத்திருப்பவர்கள், ஆனாலும் பேசுகிறேன்.

எண்ணெய் வேலை செய்தது. அதை நான் மறைக்கவில்லை. நான்காம் நாள் எழுந்திருந்து இடியப்பம் சாப்பிட்டாள். கூடவே வாயும் திரும்பி வந்ததுதான் கரைச்சல். பார்க்க வந்த மன்றச் செயலாளர் நவரத்தினத்திடம் குப்பியைத் தூக்கிக் காட்டினாள்.

"கஞ்சா எண்ணெய், அண்ணை. உங்கட தலைவர் வீட்டுச் சரக்கு. ரெண்டு துளி விடட்டே?"

நவரத்தினம் சிரித்தார். பொன்னாடை மடிப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாத மனிதர், என்னைப் பார்த்துச் சிரித்தார். மாதக் கடைசியில் எனக்குப் பாராட்டு விழா.

ஆகவே அந்த எண்ணெயை வேறொரு குப்பிக்கு மாற்றிவிட்டு, அவள் குப்பியில் தேங்காய் எண்ணெய் நிரப்பினேன். மற்றபடி நேரம் தவறியதில்லை. காலையும் மாலையும் ஐந்து துளி, என் கையால்தான் கொடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, இது இப்ப கேட்குதில்லை."

"பழகிப்போச்சாக்கும்," என்றேன்.

மூன்றாம் வாரம் தலையணை உறையைக் கடித்துக் கிழித்திருந்தாள். புது உறை போட்டுவிட்டேன். விழா மேடையில், வலியைத் தாங்கும் தமிழ்ப் பெண்ணின் மனவுறுதி பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். நவரத்தினம்கூடக் கண்ணைத் துடைத்தார்.

அவள் போன பிறகு அந்த அறையின் ஹீட்டரை நிறுத்தினேன். மிச்ச மருந்தைப் பார்மசியில் திருப்பிக் கொடுக்க எடுத்த மகள் வித்தியா, குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு துளியும் விழவில்லை.

"அப்பா, வாட் டிட் யூ டூ?"

இங்கே பிறந்த பிள்ளை. பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாது. பொலிசுக்குப் போன் செய்து உங்களைக் கூப்பிட்டதும் அவள்தான்.

அசல் எண்ணெய் எங்கே என்று கேட்கிறீர்கள். குளியலறை அலமாரியில் இருக்கிறது, அடியில் கொஞ்சம்தான் மிச்சம். மேடைகளில் நின்று நின்று எனக்கு முழங்கால் வலி.

அதை யாராலும் தாங்க முடியாது, சேர்.