அன்புச்செல்வன் குழுமம்

அன்று காலை டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தேன். என் கணவர் அன்புச்செல்வன் இரண்டு மிடறு குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். எதையும் சட்டென்று பாராட்டுகிறவர் அல்ல அவர். டம்ளரை வைத்துவிட்டு மோட்டார் போடக் கிளம்பினார்.

மேடம், நீங்கள் போலீஸ் ஸ்டேஷனில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். பாம்பை நான் முன்பே பார்த்தேனா என்று. அப்போது அழுதுகொண்டிருந்தேன். அழுகை உண்மையானதுதான். இப்போது பதில் சொல்கிறேன். ஆனால் எங்கள் வீட்டின் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் பதில் உங்களுக்கு விளங்காது.

அவர் சென்னையில் ஒரு பெரிய தொழில்நுட்பக் குழுமத்தில் வேலை பார்த்தார். போன், கப்பல், இன்சூரன்ஸ், துணி துவைக்கும் மெஷின், எல்லாம் அவர்களுடையது. மேலே ஒரு தலைமை, கீழே ஏகப்பட்ட கம்பெனிகள். போன் கம்பெனிக்கு பேட்டரி வேண்டுமென்றால் கூடப்பிறந்த பேட்டரி கம்பெனியிடமே விண்ணப்பம் போட்டுத்தான் வாங்க வேண்டும். "கீழ ஒண்ணு கவுந்தாலும் மேல ஈரம் படாது மதி. அதான் அழகு" என்பார். ஒரு நாள் அவர் இருந்த கம்பெனியே கவிழ்ந்தது. மேலே ஈரம் படவில்லை. அவர் எங்கள் ஊர் கூட்டேரிப்பட்டுக்குத் திரும்பி வந்தார்.

வேறொருவர் என்றால் கோபப்பட்டிருப்பார். இவர் எங்கள் வீட்டைக் குழுமமாக மாற்றினார். மாடுகள் மாமியார் கெங்கம்மாளின் கம்பெனி. நிலமும் மோட்டாரும் கொழுந்தனார் விருத்தாசலத்தின் கம்பெனி. அடுப்பும், ஜங்ஷனில் நான் நடத்திய டிபன் கடையும் என் கம்பெனி. தலைமை அவர்.

டீக்குப் பால் கேட்டால் மாமியார் மாட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "வாயால கேட்டா எப்புடிடி? போன்ல எழுதி அனுப்பு. உன் புருசன் சட்டம்" என்பார்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதே, அத்தை."

"அது உன் பேஜாரு. அனுப்பிட்டு நீயே வந்து படிச்சுக் காட்டு."

படித்துக் காட்டுவேன். யோசித்துவிட்டு அனுமதி கொடுப்பார்.

முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. ஒரு கம்பெனி விஷயத்தில் இன்னொன்று வாய் திறக்கக் கூடாது. எதுவானாலும் திங்கட்கிழமைக் கூட்டத்தில் தலைமையிடம்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை மாடு கேப்பைக் கொல்லையில் இறங்கியதைப் பார்த்துக் கூச்சல் போட்டேன். "மாடு ஒரு கம்பெனி, கேப்பை ஒரு கம்பெனி. நடுவுல நீ யாரு?" என்று என் கணவர் கேட்டார். திங்கட்கிழமை அதைப் பற்றி விரிவாகப் பேசினோம். அதற்குள் கேப்பை மாட்டின் வயிற்றில் இருந்தது. கூட்டம் சிறப்பாக நடந்ததாக அவர் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் என் கடையை மூடினார். கடை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. குழுமத்தின் பாதைக்கு ஒத்துவரவில்லையாம். என் மல்லாட்டைச் சட்னிக்காக, அதுதான் வேர்க்கடலைச் சட்னிக்காக, திண்டிவனம் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பவர்கள் இருந்தார்கள். கடைக்கார அக்கா என்று கூப்பிடுவார்கள். வீட்டில் எனக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. பிரிவுபசாரமாக அவர் எனக்குச் சால்வை போர்த்தினார். அதை மடித்து வைத்துவிட்டு சோறு வடிக்கப் போனேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் விறகெடுக்கப் போனபோது, மோட்டார் கொட்டகைக் கதவிடுக்கில் ஒரு கண்ணாடி விரியன் நுழைந்ததைப் பார்த்தேன். நல்ல தடிமன். கொட்டகை விருத்தாசலம் கம்பெனி. திங்கட்கிழமை சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விருத்தாசலம் மயிலம் கோயிலுக்குப் போய்விட்டார். அதனால் தலைமையே மோட்டார் போடப் போக வேண்டியதாயிற்று. செருப்புப் போடவில்லை. நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, எதுனா சொல்லணுமா?"

"சொல்லணுங்க. ஆனா பக்கத்து கம்பெனி விசயம்."

"அப்ப?"

"திங்கக்கிழம சொல்றேங்க."

அவர் முகம் மலர்ந்தது. "பரவால்லியே. இப்பதான் நீ வழிக்கு வந்துக்கினு இருக்க" என்றார். ஒரே காலையில் இரண்டாவது பாராட்டு.

திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் கெட்டவர் இல்லை, மேடம். பாம்பு அவரைக் கடிக்க வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. கடிக்காமல் இருக்க ஒரு வார்த்தை போதும் என்று தெரிந்திருந்தும் சொல்லவில்லை. அவர் போட்ட சட்டத்தை அன்றைக்கு ஒரு நாளாவது முழுதாகக் கடைப்பிடித்தேன். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், ஆமாம், பார்த்தேன்.

இப்போது தலைமை விருத்தாசலம். கடையைத் திறக்கட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "அண்ணன் போட்ட சட்டம் அப்படியே இருக்கட்டும் அண்ணி" என்றார். மரியாதையான பிள்ளை. தினமும் காலையில் அவர்தான் மோட்டார் போடுகிறார்.

பிடிக்க வந்தவர்கள் கையில் பாம்பு அகப்படவில்லை. நேற்றுச் சாயங்காலம் அது மறுபடி கொட்டகைக்குள் போனதைப் பார்த்தேன். இன்று வெள்ளிக்கிழமை. கூட்டம் வழக்கம்போல் திங்கட்கிழமைதான்.