அப்பா படுத்த பாய்

— பாய்க்குள்ள என்னன்னு அந்தச் சிப்பாய் கேட்டப்ப, எதுக்குடா பல்லைக் காட்டினே?

— பயத்துலக்கா. செத்தவர் படுத்த பாய்னு நீ சொன்னதும் கையை இழுத்துக்கிட்டான் பாத்தியா? சாம்பலையும் பாயையும் தண்ணியில விடுறது தமிழாளுங்க வழக்கம்னு அவனுக்கும் தெரிஞ்சிருக்கு.

— மெதுவாப் பேசு பாலா. படகுக்காரருக்கு நம்ம பேச்சு அரைகுறையாத் தெரியும்.

— ஊ ஃபோ தாவுக்கா? அவர் காதும் அரைகுறைதான், நான் சொல்றேன்ல.

— மா விஜயா, ஓடை நடு வந்தாச்சு. இங்க சாம்பல் போடலாம். தண்ணி இறங்குது, நல்லா இழுக்கும். பேரன் வரல?

— என் பையன் அருணையா கேக்குறீங்க? அவங்கப்பா இந்த ஓடையிலதானே படகு கவுந்து போனாரு, ஊ ஃபோ தா. அதுக்கப்புறம் அவனை நான் தண்ணிப் பக்கமே விட்டதில்ல. மிங்கலாடோன்ல சித்தப்பன் வீட்ல இருக்கான். ஊரு அடங்கட்டும்னு அனுப்பி வச்சேன்.

— ஹோக்தே, ஹோக்தே. நல்லது.

— பாலா, பானையைக் கவுத்து. அப்பா, நல்லபடியாப் போங்க.

— கவுத்தாச்சுக்கா.

— கையை ஏன் அப்படிச் சொறியுறே? தோலே உரிஞ்சு கிடக்கு.

— திச்சி பட்ட கைக்கா. பட்டா லேசுல போகாது.

— கிண்ணத்துக்கும் பெட்டிக்கும் பூசுறாங்களே, அந்தக் கறுப்பு மரப்பாலா? அதையா துப்பாக்கிக்குப் பூசினே?

— பின்ன? இந்த ஊரு மழைக்கு எண்ணெய் நிக்குமா, கிரீஸ் நிக்குமா? அப்பா வேட்டைக்குப் போய் வந்தா, சோறு திங்கறதுக்கு முன்னாடி அதைத் துடைச்சு எண்ணெய் போடுவாரு. அப்படியும் விடிஞ்சா குழல் பூரா செம்மண் அப்பின மாதிரி துரு. திச்சி வேற ஜாதிக்கா. மத்ததெல்லாம் வெயில்ல காயும், இது ஈரத்துலதான் காயும். துணி உலர மாட்டேங்குதுன்னு நீ புலம்புனியே, அதே மழையில இது இறுகிக் கல்லாயிரும். மண்ணெண்ணெயில கழுவி, அடுப்போரம் சூடு காட்டி, ஒரு பூச்சு. காஞ்சதும் தேய்ச்சு இன்னொண்ணு. குழல் வாய்க்கு மெழுகு. அப்பா படுக்கையில விழுந்தப்பவே ஆரம்பிச்சுட்டேன். கப்பலுக்கே பெயிண்ட் அடிக்கிற கை, நான் சொல்றேன்ல.

— ஆமா ஆமா. தண்ணிக்குள்ள போடப்போற சாமானுக்கு எதுக்குடா இத்தனை பூச்சு?

— அப்பாவோட சாமான். துருப்பிடிச்சுப் போறதுக்கு மனசு கேக்கல.

— லைசன்சு அப்பா பேர்ல இருந்துச்சு, அவரோட போச்சு. வார்டுக்காரங்க வீடு வீடாத் தேடிக்கிட்டு வர்றாங்க. இப்பக் கொண்டுபோய்க் கொடுத்தா இத்தனை நாள் ஏன் கொடுக்கலைன்னு உன்னை உள்ள தள்ளுவாங்க. அதான் ஓடைன்னு சொன்னேன். மனசைப் பத்தி வீட்ல போய்ப் பேசிக்கலாம். போடு.

— போடுறேன்க்கா.

— சத்தம் வராம விடு.

— மா விஜயா, பாய் முங்கல.

— காத்து இருக்கும் ஊ ஃபோ தா. ஊறினா முங்கிரும்.

— பாய் போடுறது நான் நிறைய பாத்திருக்கு. இது வாத்து மாதிரி போகுது. உங்க அப்பாவுக்குப் போக மனசு இல்ல போல.

— துடுப்பால கொஞ்சம் அமுக்கி விடுங்களேன்.

— செத்தவர் பாய், மா விஜயா. என் துடுப்பு படாது. கோவிக்காதீங்க.

— பாலா. உள்ள இருக்கறது இரும்பு. இரும்பு எப்படிடா மிதக்குது?

— பாயில காத்து...

— என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. போட்டதுல இருந்தே நீ பாயைப் பாக்கல, அந்த ஓடை வளைவையே பாத்துக்கிட்டிருக்கே. உள்ள என்ன வச்சே?

— லாரி டியூபு. காத்தடிச்சு, ரெண்டு முனையும் திச்சி வச்சு அடைச்சிருக்கேன். ஒரு சொட்டுத் தண்ணி போகாது.

— வளைவுல யாரு?

— காலேஜ் பசங்கக்கா. எல்லைக்குச் சண்டை போடப் போறாங்க, துப்பாக்கி அவங்களுக்குத்தான். ஆகஸ்டுல பட்டாளத்துக்காரங்க தெருவுல சனங்களைச் சுட்டாங்களே, அதைப் பாத்துட்டும் கையைக் கட்டிக்கிட்டு இருக்கச் சொல்றியா? ரோட்டுல தேடுறான், பாலத்துல தேடுறான். சாவு வீட்டுப் பாயை எவன் தொடுவான்?

— நெனச்சேன். தெரியாத மாதிரி கேட்டேனே தவிர, இந்தக் கையை நீ சொறிய ஆரம்பிச்ச அன்னிக்கே நெனச்சேன். தூக்கிப் போடுற சாமானை எவன் இப்படிச் சீராட்டுவான்?

— கோவப்படாதேக்கா.

— கோவமில்ல. துறையில நீ படகு பேசப் போனப்ப, கோணி ஊசியால பாயைக் குத்தி விட்டுட்டேன்.

— எங்க குத்தினே?

— மேலேர்ந்து கீழ வரைக்கும். தண்ணி ஏறி அந்தச் சனியன் துருப்பிடிச்சுச் சாகட்டும்னு. ஒரு இடத்துல மெத்துனு இறங்குச்சு. அது டியூபுன்னு இப்பத்தானே தெரியுது.

— மா விஜயா, இப்ப பாய் சாயுது. ஒரு பக்கம் முங்குது.

— அக்கா, வேகமாப் போகச் சொல்லு. அதைப் பிடிக்கணும்.

— எதுக்கு? அடியில கிடக்கட்டும், உன் பூச்சோட. எவ பெத்த பிள்ளையோ வெறுங்கையோட வீட்டுக்குப் போவான், உசுரோட இருப்பான்.

— அக்கா.

— என்ன?

— எவ பெத்த பிள்ளையோ இல்லக்கா. வளைவுல நிக்கறது அருண்.

— அவன் மிங்கலாடோன்ல...

— நேத்தே வந்துட்டான். பாயை எடுக்கறதுக்கு அவன் ஒருத்தன்தான் நிக்கிறான். என்ன ஆனாலும் கையை விட்டுப் போகக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சேன். முங்கினாலும் குதிச்சு எடுத்துருவேன் மாமா, நான் நல்லா நீந்துவேன்னு சொன்னான்.

— கோ பாலா, அங்க கரையில ஒரு பையன். சட்டை கழட்டுது.

— பாலா, அவனுக்கு நீச்சல் தெரியாதுடா.