தோர்ன்பி உருக்கிய தாலி

மாலை ஆறு மணி. ஆவணி பிறந்த கிழமை. ஆவணி என்றதும் ஊர் வெயிலை நினைக்காதீர்கள். இது ஓக்லாந்து, பல்லுக் கிட்டும் குளிர். பிளாக்ஹவுஸ் பேயில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கை… ஒரேயொரு விளக்குக் கம்பம், அதுவும் எரியாது. இரண்டு பக்கமும் பற்றை. கீழேயிருந்து சேற்று வாடை. அதில் தன்னந்தனியாக இறங்கிப் போகிறான் தவராசா. ஒரு கையில் தேங்காயும் கற்பூரமும். மற்றக் கை சட்டைப் பைக்குள் ஒரு பவுண் காசைப் பொத்திப் பிடித்திருக்கிறது.

தவராசா வேறு யாருமில்லை, நம் சிநேகிதர் குலசிங்கத்தின் மச்சான். குலசிங்கம் அப்போது லண்டனில். பின்னாளில் அவர்தான் எனக்குச் சொன்னார். சீட்டாட்டத்தில் தவிர வேறெங்கும் பொய் சொல்லாத மனிதர்.

எண்பத்தேழாம் ஆண்டு. தவராசாவுக்கு ஈஸ்ட் டாமாக்கியில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. வாடகைக்கு ஓர் அறை. வேலை முடிந்து வந்தால் "சாப்பிட்டியோ" என்று கேட்க ஒரு சீவன் இல்லை. பேசி முடித்த பெண் கௌரி கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தாள். விசா இரண்டு தடவை பிந்திவிட்டது. அவள் வராமலே போய்விடுவாளோ என்ற பயம் அவனை அரித்துத் தின்றது. பொன்னுருக்கிவிட்டால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி, பிறகு பேச்சு மாறாது என்று மனதைத் தேற்றிக்கொண்டான். ஆனால் பொன்னுருக்குவதென்றால் சொந்தபந்தம் கூடி நிற்க வேண்டும், தட்டான் உருக்க வேண்டும். இங்கே சொந்தமும் இல்லை, தட்டானும் இல்லை.

இருந்தவர் தோர்ன்பி.

இங்கிலாந்துக் கிழவர். லண்டனில் கட்டடக் கலை படித்து, உலகச் சண்டை முடிந்த கையோடு கப்பலேறி வந்தவர். இந்த நகரத்தில் எத்தனையோ தேவாலயங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் படம் வரைந்தார். கடைசியாக அந்த ஒழுங்கையின் அடியில் தனக்கென்று ஒரு வீடு கட்டினார். இரண்டு பேருக்கென்று அளந்து கட்டிய வீடு. அதில் அவரோடு வாழக் கப்பலில் வரவேண்டியவள் வரவில்லை. அதோடு அவர் வரைவதை விட்டார். அவளுக்கு மோதிரம் செய்வதற்கென்று பழகிய பொன்வேலைதான் பிறகு அவருக்குச் சோறு போட்டது. ஊராருக்கெல்லாம் கலியாண மோதிரம் செய்தார். அவளுடைய மோதிரம் மட்டும் பட்டறை மேசைக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கியது. பாவம், அந்த மனிதர்.

"உன் ஆட்கள் எங்கே?" என்று அன்று மாலை பட்டறையில் கேட்டார் கிழவர்.

"நோபடி," என்றான் தவராசா.

கிழவர் தன் தோல் கவசத்தைக் கட்டிக்கொண்டார். "அப்படியென்றால் உன்னோடு நான் நிற்கிறேன்."

அம்மாவின் தாலிக்கொடியை உள்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். இந்தப் பவுணில் தாலியும், கொடியைப் பூட்டும் சுரையும் செய்ய வேண்டும். தெரிந்த இங்கிலீஷில் விளக்கினான். "இந்தப் பொன் உருகினால் கலியாணம் உறுதி. பிறகு பிரிக்கவே ஏலாது."

"நோபடி?" ஒருவராலும் பிரிக்க ஏலாதா என்று கேட்டார் கிழவர்.

"நோபடி."

தவராசா வாசற்படியில் தேங்காய் உடைக்கத் திரும்பினான். பின்னால், பொன் உருக்கும் மண் கிண்ணத்துக்குள்… ணிங். காசைப் போடுகிறார் என்று நினைத்தான். இன்னொரு முறை… ணிங். அதை அவன் கவனிக்கவில்லை.

யோகராணி, அடுப்பில் கூவுகிற அந்தக் கேத்திலை நிறுத்திவிட்டுக் கதையைக் கேளுங்கள். தேநீர் பிறகு.

ஒரு கிழமை கழித்து அதே நேரம் போனான். பட்டறையில் வெளிச்சம். டக்… டக்… டக்… சின்னச் சுத்தியல் சத்தம். யன்னல் கண்ணாடி வழியே கிழவரின் முதுகு தெரிந்தது. கதவைத் தட்டினான். சுத்தியல் நின்றது. தள்ளினான், கதவு திறந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. மேசையில் அம்மாவின் கொடி, தாலி கோத்து, சுரை வைத்து. தொட்டால் சூடு. குரல் கொடுத்துப் பார்த்தான். தாலியை எடுத்துப் பையில் போட்டான். மேலே ஆணி வெறுமையாக இருந்தது.

ஒழுங்கை மேட்டில் டெய்ரி என்கிற சின்னக் கடை நடத்திய ஃபிஜிக்காரி பிம்லாவிடம், கிழவர் வந்தால் சொல்லச் சொன்னான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கிழவர் செத்து ஒரு கிழமையாம். நாற்காலியில் இருந்தபடியே போய்விட்டாராம். அன்றிலிருந்து பட்டறை பூட்டித்தான் கிடக்கிறதாம்.

அறைக்கு ஓடிவந்து தாலியைக் கையில் ஏந்தினான். கனத்தது. ஒரு பவுணில் செய்த தாலி அப்படிக் கனக்காது. தட்டான் பொன்னை எடுத்துவிடுவான் என்று நம் தாய்மார் பக்கத்திலேயே குந்தியிருந்து காவல் காப்பார்கள். கூட்டிப் போட்டுத் தந்த தட்டானை எங்கேயாவது கண்டீர்களா? ஆணி ஏன் வெறுமையாக இருந்தது என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. ஒரு பெண்ணுக்கான தாலி. அதற்குள் இரண்டு ஆண்களின் பொன்.

வீசியிருக்கலாமே என்பீர்கள். மறுநாளே விசா வந்துவிட்டது. உருக்கிய பொன்னை வீசினால் அவள் வராமல் போய்விடுவாளோ என்று அஞ்சினான். வாயை மூடிக்கொண்டான்.

கௌரி வந்தாள். ஒரு வாடகை மண்டபம், ஃபிஜி ஐயர், தொழிற்சாலை ஆட்கள் கொஞ்சப் பேர். மேளத்துக்குக் கேசட். தாலி கட்டும்போது தவராசா தடுமாறினான். சுரை பிடிபடவேயில்லை. பிறகு தானாகவே வழுக்கிக்கொண்டு பூட்டியது. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

அன்றிரவு கௌரி மெல்லக் கேட்டாள்.

"ஒண்டு கேக்கட்டே? தாலி கட்டேக்க உங்கட கை நல்லாச் சுட்டது. பிறகு குளிர்ந்த கை ஒண்டு வந்து ஆறுதலாப் பூட்டினது. ஆரப்பா அது? இஞ்ச உங்களுக்கு ஒருத்தரும் இல்லையெண்டெல்லோ சொன்னியள்?"

"உமக்குப் பயணக் களைப்பு. படுத்து நித்திரை கொள்ளும்."

அவள் தூங்கினாள். அவனுக்குத் தூக்கம் எங்கே? எழுந்து, தாலியைக் கழற்றிவிடச் சுரையைத் திருகிப் பார்த்தான். அசையவில்லை. குறடு ஒன்று எடுத்துவந்தான். அவளுடைய கழுத்தில் படாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு திருகு… அப்போது கிழவரின் பட்டறையில் வீசிய அதே எரிவாயு வாடை. டக்… ஒரேயொரு டக்.

கௌரி கண் திறக்கவில்லை. வாய் மட்டும் திறந்தது. வந்து இறங்கி மூன்று நாள், "தாங்க் யூ"வுக்கு மேல் ஒரு சொல் தெரியாத பெண். நிதானமாக, சுத்தமான லண்டன் இங்கிலீஷில் சொன்னாளாம்:

"நோபடி."