பதினாறு பார் இழுப்பு

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், சார். நான் வாயை மட்டுமே நம்பியவன். எந்தக் கம்பெனியிலும் சேராமல் நானே எழுதி, நானே பதிவு செய்து, நானே வெளியிடும் ராப் பாடகன். ஆறு வருடம் பாடியும் அம்மாவின் தையல் வருமானத்தில்தான் சாப்பிட்டேன்.

என் ஸ்டூடியோ எங்கள் வீட்டுச் சாமான் அறைதான். சுவர் முழுக்கப் பழைய கம்பளி, நடுவில் ஒரு மைக். ஒருநாள் தங்கச்சி அங்கே பெட்டி எடுக்கப் போனாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு நோய், தூசி ஆகாது. இன்ஹேலரைத் தேடி அவள் திணறிய அரை நிமிடம், நான் அணைக்க மறந்திருந்த மைக்கில் அப்படியே பதிவாகிவிட்டது. மூச்சு விசில் போல உள்ளே போய், அரைத்துக்கொண்டு வெளியே வந்தது. அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதன்மேல் பாடினேன்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. "ஏண்ணா, இழுத்தது நானு, பேரு உனக்கா?" என்று தங்கச்சி சிரித்தாள். வந்த பணத்தில் அவளைப் பெரிய டாக்டரிடம் காட்டினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். புது மருந்தில் நான்கே மாதத்தில் இழுப்பு நின்றது. மாடிப்படியில் ஓடி ஏற ஆரம்பித்தாள்.

அதோடு என் பிழைப்பும் நின்றது. அடுத்த மூன்று பாட்டையும் ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. பழைய பாட்டில் இருந்த அந்தச் சத்தம் எங்கே என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். தங்கச்சியை நடித்துக் காட்டச் சொன்னேன். பாவம், முயன்றாள். நாய்க்குட்டி தும்முவது போல இருந்தது. நம்பிக் கேட்பவர்களுக்குப் போலிச் சரக்கைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

புது மருந்தை ஒளித்து வைத்தேன். தீர்ந்துவிட்டது, வாங்கி வருகிறேன் என்று இரண்டு வாரம் சாக்குச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா வெளியே போனதும் இன்ஹேலரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கம்பளிகளை நன்றாகத் தட்டி உதறினேன். நாலு வரி நீயும் பாடு என்று கூப்பிட்டேன். பொட்டு வைத்துக்கொண்டு சந்தோஷமாக வந்தாள். வெளிச்சத்தம் விழாமலிருக்க, நான் வெளியே வந்து கதவை வெளிப்பக்கம் தாழிட்டேன்.

எனக்குத் தேவைப்பட்டது பதினாறு பார், அதாவது பதினாறு தாளச் சுற்று, முக்கால் நிமிடம். ஆரம்பத்தில் சும்மா இருமினாள். பிறகுதான் சரியாக வந்தது.

"போதும்ணா, திற" என்றாள்.

"இன்னும் கொஞ்சம்மா, நல்லா வருது" என்றேன்.

கதவைத் தட்டினாள். தாளத்தில் தட்டவில்லை. அந்த இடங்களையெல்லாம் விட்டுவிட வேண்டியிருந்தது, எனக்கு எரிச்சலாக இருந்தது.

இருபது நிமிடம் கழித்துச் சத்தம் அடங்கியது. அதன்பிறகுதான் திறந்தேன். உயிர் இல்லை.

பாட்டில் பதினாறு பார் மட்டுமே வைத்தேன். மிச்சத்தில் அவள் அண்ணா, அண்ணா என்று கூப்பிடுகிறாள். அதைச் சேர்த்திருந்தால் இன்னும் ஓடியிருக்கும். சேர்க்கவில்லை, சார். எனக்கும் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது.