சாவி தராத அப்பா

புதன்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக்குப் புறப்பட்ட பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். பதுளையில் ஒரே துணிக்கடையில் வேலை என்று பேச்சில் தெரிந்தது. இளையவள் பதினாறு நாள் தனியாக மோட்டார் சைக்கிளில் இலங்கையைச் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பியிருந்தாள். லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள்.

"பருத்தித்துறைக்கே பைக்ல போனவ, பதுளைக்கு பஸ்ல வர்றியா புள்ள?"

"என்னக்கா செய்யிறது, அப்பா சாவியைத் தரமாட்டேங்குறாரு."

"இன்னும் கோவமா?"

"கோவமெல்லாம் நான் கெளம்பிப் போகும்போதுதான். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஊர்சுத்தல்னு வாசலுக்குக்கூட வரல. இப்ப பைக்கைக் கழுவவே விடல."

"ஏனாம்?"

"மட்கார்டுல ஒட்டியிருக்கிறது மன்னார் மண்ணாம். காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போற தோட்டத்து ஆளுங்களை நிப்பாட்டி, 'எம் மக தனியா போய்க் கொண்டாந்தது'ன்னு காட்டுறாரு. ரோட்டுல ஓட்டினா உதுந்துடுமாம்."

மூத்தவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"நேத்து அந்த மழை பெஞ்சுச்சே, கரைஞ்சிருக்குமே?"

"எங்க கரையுது! அம்மா கொழுந்து பறிக்கப் போறப்ப நனையாம இடுப்புல கட்டுற படங்கை எடுத்து மூடிட்டாரு."

"ஐயோ! அம்மா சும்மாவா விட்டாங்க?"

"எங்க விட்டாங்க? மனுசனுக்கு ஒழுங்கா மூடக்கூடத் தெரியலன்னு, நனைஞ்சுக்கிட்டே போய் அவங்கதான் இழுத்துக் கட்டினாங்க."